காத்திருப்பு, கோரிக்கை, ஓய்வு: 1994 இல் ஹிதேயோ நோமோவின் முன் இருந்த வழிகள்

1994 ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், ஒசாக்காவில் பிறந்த ஹிதேயோ நோமோ என்ற 26 வயது பேஸ்பால் பிட்சருக்கும் (பந்தெறியும் வீரர்) அவரது அணியான கிண்டெட்சு பஃபலோஸுக்கும் இடையே நடந்த ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. பல ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் வேண்டும் என்றும், தன் சார்பில் முகவர் ஒருவர் பேசுவார் என்றும் நோமோ கேட்டார்; அணி இரண்டையும் மறுத்தது. அமெரிக்காவின் உச்ச நிலை பேஸ்பாலான மேஜர் லீகில் ஆட வேண்டும் என்ற ஆசை அவரிடம் அதற்கு முன்பே இருந்தது. அன்றைய விதிகளின்படி அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள அவருக்கு மூன்று வழிகள் இருந்தன: அணியிலேயே தங்கி ஃப்ரீ ஏஜென்ட் உரிமை (விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை) கிடைக்கும்வரை காத்திருப்பது, தன்னை அமெரிக்க அணி ஒன்றுக்கு மாற்றித் தரும்படி கிண்டெட்சுவையே கேட்பது, ஜப்பானியத் தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிடுவது. அவர் மூன்றாவதைத் தேர்ந்தார். அது துணிச்சலின் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மூன்று வழிகளையும் அருகருகே வைத்து, பின்னாளில் பிறர் சென்ற பாதைகளையும் சாட்சிக்கு அழைத்துப் பார்த்தால், இருந்தவற்றுள் ஆபத்து குறைந்த வழியும் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

வழிகளை எடைபோடுவதற்கு முன் எடைக்கல் எது என்பதை முடிவு செய்ய வேண்டும். சம்பளம், விசுவாசம், புகழ் என்று பலவற்றைச் சொல்லலாம். ஆனால் பிட்சர் ஒருவரின் முடிவில் முதன்மையானது அவருடைய கைதான். அது தேய்ந்துகொண்டே வரும் மூலதனம். இன்று எறிந்த பந்து நாளைய கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. நோமோவின் கை எந்த அளவுக்குச் செலவழிந்திருந்தது என்பதற்குப் பதிவுகள் உள்ளன. 1990 முதல் 1994 வரை ஐந்து சீசன்களில் அவர் கிண்டெட்சுவுக்காக 1051 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். (பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸ் என்பது எதிரணியின் மூவரை வெளியேற்றுவதோடு முடிந்துவிடும்; ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் அப்படி ஒன்பது. கிரிக்கெட் வாசகர் இந்தச் சொல்லில் இடறி விழக்கூடும்.) ஒன்பது இன்னிங்ஸையும் மாற்று ஆள் இல்லாமல் தானே எறிந்து முடித்த ஆட்டங்கள் 80. ஸ்ட்ரைக் அவுட் (அடிப்பவரை மூன்று ஸ்ட்ரைக்குகளால் வெளியேற்றுவது) எண்ணிக்கையிலும் வெற்றிகளிலும் 1990 தொடங்கி நான்கு ஆண்டுகள் தொடர்ந்து, ஜப்பானின் இரு லீகுகளில் ஒன்றான பசிபிக் லீகில் அவரே முதலிடம். அறிமுக ஆண்டிலேயே 18 வெற்றிகள், 287 ஸ்ட்ரைக் அவுட்கள், சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த வீரர், சிறந்த பிட்சருக்கான சவாமுரா விருது ஆகிய மூன்றும் அவருக்கு வந்தன.

1994 இல் அந்தக் கணக்கு திரும்பியது. ஜூலை 1 அன்று செய்பு லயன்ஸுக்கு எதிராக நோமோ 16 பேரை, ஆளுக்கு நான்கு தவறான பந்துகளால், இலவசமாக முதல் தளத்துக்குப் போகவிட்டும் ஆட்டத்தை முழுவதும் எறிந்து வென்றார். அன்று அவர் எறிந்த பந்துகள் 191. அமெரிக்காவில் அக்காலத்திலேயே ஒரு பிட்சர் 120 பந்துகளைத் தாண்டினால் மேலாளரின் முகம் மாறும். அந்த ஆண்டு அவருடைய தோள் வலிக்கத் தொடங்கி, 114 இன்னிங்ஸோடும் 8 வெற்றிகளோடும் சீசன் முடிந்தது. அணியின் மேலாளர் கெய்ஷி சுசுகி, அதே கிண்டெட்சுவுக்காக 317 ஆட்டங்களை வென்ற பழைய பிட்சர். நிறைய எறிந்து உறுதிப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். பயிற்சி முறையில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த செய்தி. அவரவர் அனுபவத்தில் அவரவர் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் சுசுகியின் தோளும் நோமோவின் தோளும் ஒன்றல்ல. இடுப்பை முற்றிலும் திருப்பி, அடிப்பவருக்குத் தன் முதுகைக் காட்டி, பிறகு சுழன்று எறிந்த நோமோவின் அந்தப் பாணிக்கு ஜப்பானில் ‘டொர்னேடோ’ என்று பெயர். அப்படி எறிகிறவரின் உடல் எத்தனை ஆண்டு தாங்கும் என்று யாராலும் உறுதி கூற முடிந்திருக்காது.

முதல் வழியாகிய காத்திருப்பை இந்த எடைக்கல்லில் வைத்துப் பார்ப்போம். ஜப்பானில் ஃப்ரீ ஏஜென்ட் முறை 1993 இல்தான் அறிமுகமானது. அப்போது அதற்கு முதல் அணியில் பத்து ஆண்டுகள் ஆடியிருக்க வேண்டும். நோமோவின் கணக்கில் ஐந்து ஆண்டுகள்தான் சேர்ந்திருந்தன, அதிலும் 1994 பாதி சீசன். எந்த இடைவெளியும் இல்லாமல் ஆடினாலும் 1999 இறுதியில்தான் உரிமை கிடைக்கும். அப்போது அவருக்கு 31 வயது. காயத்தால் ஒரு சீசன் போனால் காத்திருப்பும் ஓர் ஆண்டு நீளும் என்பது இவ்வழியில் உள்ள கொடுமை. கை கெட்டால் காலமும் கூடுகிறது. காலம் கூடினால் கை மேலும் கெடுகிறது. இதற்கு ஈடாக அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியவை, 1994 இல் பெற்ற ஏறத்தாழ 14 கோடி யென் என்ற உயர்ந்த சம்பளமும், சொந்த ஊர் ரசிகர்களும், தலைவர் கிழித்த கோட்டைத் தாண்டாதவர் என்ற நற்பெயரும்.

காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகமாக மட்டும் விட வேண்டியதில்லை. 1997 சீசன் முடிந்ததும் நோமோவுக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் ஒசாக்காவிலேயே இருந்து அதே சுமையைச் சுமந்திருந்தால் அது இன்னும் முன்னதாகவே நேர்ந்திருக்கக்கூடும். அதே நாளில் நேர்ந்திருந்தாலும், உரிமை கிடைக்க இரண்டு சீசன்கள் மீதம் இருக்கும்போதே நேர்ந்திருக்கும். அறுவை சிகிச்சை முடிந்து வேகம் குறைந்த 31 வயதுப் பிட்சரை, ஜப்பானிய வீரர் எவரும் மேஜர் லீகில் வென்று காட்டியிராத நிலையில், எந்த அமெரிக்க அணி அழைத்திருக்கும்? நோமோ போகாத உலகில், அவருக்காகக் கதவைத் திறந்து வைக்க இன்னொரு நோமோ இருந்திருக்க மாட்டார்.

காத்திருப்பு எல்லோருக்கும் தோல்வியான வழி என்று சொல்ல முடியாது. ஹிரோகி குரோதா ஹிரோஷிமா கார்ப் அணியில் தன் காலத்தை முழுமையாக முடித்து, 2008 சீசனுக்கு முன் 33 வயதை நெருங்கும் வேளையில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுடன் மூன்று ஆண்டுகளுக்கு 3.53 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். டாட்ஜர்ஸிலும் நியூயார்க் யாங்கீஸிலும் சேர்ந்து 79 ஆட்டங்களை வென்றார். பிறகு, அமெரிக்காவில் கிடைக்கவிருந்ததைவிட மிகக் குறைந்த தொகைக்கு 2015 இல் ஹிரோஷிமாவுக்கே திரும்பி, அடுத்த ஆண்டு அந்த அணி 25 ஆண்டுகளுக்குப் பின் சென்ட்ரல் லீகை வென்றபோது அதில் பங்கேற்றுவிட்டு ஓய்வு பெற்றார். கோஜி உயெஹராவும் காத்திருந்துதான் போனார். முன்னதாகவே அனுப்பும்படி அவர் கேட்டும் யோமியூரி ஜயன்ட்ஸ் இணங்கவில்லை, 2009 இல் பால்டிமோருக்காகக் களமிறங்கியபோது அவருக்கு 34 வயது. 2013 இல் பாஸ்டனுக்காக, மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கடைசி ஆளை வெளியேற்றியவர் அவர்தான். ஆனால் அதற்குள் அவர் ஆட்டம் முழுவதும் எறியும் பிட்சராக இல்லாமல், கடைசி இன்னிங்ஸை முடித்து வைப்பவராக மாறியிருந்தார். காத்திருப்பவர் போய்ச் சேரலாம், ஆனால் புறப்பட்ட அதே ஆளாகப் போய்ச் சேர்வதில்லை. அண்மைக் காலத்தில் கோடாய் செங்கா, சாஃப்ட்பாங்க் ஹாக்ஸிடம் ஆண்டுதோறும் கேட்டும் விடுவிக்கப்படாமல், 2022 இறுதியில் உரிமை கிடைத்த பிறகே நியூயார்க் மெட்ஸுக்குச் சென்றார். முதல் ஆண்டில் 202 ஸ்ட்ரைக் அவுட்கள், இரண்டாம் ஆண்டில் தோள் காயம் தொடங்கி வைத்த தொல்லையால் வழக்கமான சீசனில் ஒரே ஓர் ஆட்டம்.

இரண்டாவது வழி, அணியைக் கேட்பது. இது மரியாதையான வழி. ஜப்பானியத் தொழில் உலகில் ஒருவர் இப்படித்தான் விடைபெற வேண்டும் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்திருப்பார்கள். இதில் உள்ள குறை, சாவி கேட்பவரிடம் இல்லை என்பது. மேஜர் லீகில் ஆடிய முதல் ஜப்பானியரான மசனோரி முரகாமியின் அனுபவம் இதற்கு ஒரு பழைய சான்று. நங்காய் ஹாக்ஸ் அணி பயிற்சிக்காக அனுப்பி வைத்த இளம் பிட்சர் அவர். 1964 செப்டம்பர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்காக நியூயார்க்கில் களமிறங்கினார். அவர் இவ்வளவு நன்றாக எறிவார் என்று நங்காய் எதிர்பார்க்கவில்லை. அவர் யாருடைய வீரர் என்று இரு நாடுகளுக்கும் இடையே வழக்கே மூண்டது. 1965 சீசனை அங்கே ஆடிவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்பது சமரசம். 54 ஆட்டங்கள், 5 வெற்றிகள், ஒரு தோல்வி என்ற கணக்கோடு 21 வயதில் அவருடைய அமெரிக்க வாழ்வு முடிந்தது. திரும்பியவர் மீண்டும் மேஜர் லீகில் ஆடவே இல்லை. 1967 இல் இரு நாட்டு பேஸ்பால் நிர்வாகங்களும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஒரு நாட்டு அணியின் வீரரை மற்ற நாட்டு அணி அனுமதியின்றித் தொடக் கூடாது என்றாக்கியது. பிறகு நோமோ வரும்வரை 30 ஆண்டுகள் எந்த ஜப்பானியரும் மேஜர் லீகில் ஆடவில்லை.

நோமோவுக்குப் பின் இரண்டு ஆண்டு கழித்து ஹிதேகி இராபு இதே இரண்டாவது வழியில் போனார். சிபா லோட்டே அணி அவருடைய உரிமையை 1997 ஜனவரியில் சான் டியாகோ பாட்ரெஸுக்கு மாற்றியது. அவரோ யாங்கீஸுக்கு மட்டுமே ஆடுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். கடைசியில் பாட்ரெஸ் அவரை யாங்கீஸுக்கே மாற்ற வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு 1.28 கோடி டாலர் கிடைத்தது. ஆனால் வீரரைக் கேளாமல் இரண்டு அணிகள் அவரை விற்று வாங்கும் முறையின் அசிங்கம் வெளியே தெரிந்தது. 1998 இறுதியில் ‘போஸ்டிங்’ முறை பிறந்ததற்கு இந்தச் சச்சரவும் ஒரு காரணம்.

போஸ்டிங் என்பது இரண்டாவது வழிக்குச் சட்ட வடிவம் தந்த ஏற்பாடு. அணி சம்மதித்தால் வீரரின் பெயரை அறிவிக்கலாம். முதலில் அமெரிக்க அணிகள் மூடிய உறையில் ஏலம் கேட்டன, அதிகம் கேட்டவருக்கு மட்டுமே பேசும் உரிமை. இச்சிரோவுக்காக 2000 இல் சியாட்டில் 1.3125 கோடி டாலரையும், தைசுகே மட்சுசாகாவுக்காக 2006 இல் பாஸ்டன் 5.11 கோடி டாலரையும் அவர்களுடைய ஜப்பானிய அணிகளுக்குக் கொடுத்தன. மட்சுசாகாவுக்கு ஆறு ஆண்டுகளுக்குக் கிடைத்தது 5.2 கோடி, அதாவது அவரை அனுப்பிய அணியும் எறியப்போகிற அவரும் ஏறத்தாழச் சமமாகப் பெற்றார்கள். 2013 இல் விடுவிப்புத் தொகைக்கு 2 கோடி டாலர் உச்சவரம்பு வந்தது, அதனால்தான் மசஹிரோ தனகா யாங்கீஸிடம் ஏழு ஆண்டுகளுக்கு 15.5 கோடி பெற முடிந்தது. இன்று அது ஒப்பந்தத் தொகையின் விகிதமாகக் கணக்கிடப்படுகிறது. 2023 டிசம்பரில் யோஷினோபு யமமோட்டோ டாட்ஜர்ஸுடன் 12 ஆண்டுகளுக்கு 32.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டபோது, ஓரிக்ஸ் அணிக்குத் தனியே சுமார் 5 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது.

இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் மாறாதது ஒன்று: அறிவிப்பதா வேண்டாமா என்பது அணியின் விருப்பம். உரிமை கிடைத்து வீரர் சும்மா போய்விடுவார் என்ற அச்சம் வரும்போதுதான் அணிக்கு அந்த விருப்பம் பிறக்கிறது. யோமியூரி போன்ற பணபலமுள்ள அணி 2019 வரை ஒருவரைக்கூட இம்முறையில் அனுப்பவில்லை. ஐந்தே ஆண்டு முடித்த, ரசிகர்களை மைதானத்துக்கு இழுத்த நோமோவை, 1994 இல் போஸ்டிங் இருந்திருந்தாலும், கிண்டெட்சு அறிவித்திருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பல ஆண்டு ஒப்பந்தமே தர மனமில்லாத நிர்வாகம் விடுதலையைத் தருமா?

மூன்றாவது வழிக்கு வருவோம். ஜப்பானிய விதியில் ‘தன்விருப்ப ஓய்வு’ என்று ஒன்று உண்டு. ஓய்வு பெற்றவர் மனம் மாறி மீண்டும் ஆட வந்தால், பழைய அணிக்கே ஆட வேண்டும். ஒருவர் ஓய்வு என்று சொல்லிவிட்டு வேறு அணிக்குத் தாவுவதைத் தடுக்கும் பூட்டு அது. ஆனால் பூட்டு ஜப்பானுக்குள் மட்டுமே போடப்பட்டிருந்தது. கடலுக்கு அப்பால் உள்ள அணியைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைக் கண்டுபிடித்தவர் நோமோவின் முகவர் டான் நொமுரா. நோமோ ஓய்வு பெற்றவராகப் பதிவானார், 1995 பிப்ரவரியில் டாட்ஜர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது.

இவ்வழியின் விலை என்ன என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஜப்பானியச் செய்தித்தாள்கள் பல அவரை நன்றி கெட்டவராகச் சித்திரித்தன. தோற்றுத் திரும்பினால் போகக்கூடிய ஒரே இடம், அவர் யாரை விட்டுப் போனாரோ அந்த அணி. இதைவிடக் கசப்பான திரும்பும் வழி இருக்க முடியாது. அமெரிக்க நிலைமையும் நல்லதாக இல்லை. வீரர்களின் வேலைநிறுத்தத்தால் 1994 உலகத் தொடரே நடக்கவில்லை, 1995 சீசன் எப்போது தொடங்கும் என்பது பிப்ரவரியில் யாருக்கும் தெரியாது. பெரும் சம்பளத்தை உதறிவிட்டுப் போனார் என்ற வழக்கமான கூற்று மட்டும் பாதி உண்மைதான். ஆண்டுச் சம்பளமாக அவர் ஏற்றது மேஜர் லீகின் குறைந்தபட்சமான 1,09,000 டாலர். ஆனால் கையெழுத்திட்டதற்காக டாட்ஜர்ஸ் 20 லட்சம் டாலர் தந்தது. அன்றைய நாணய மாற்றில் அது கிண்டெட்சுவின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகம். எனவே முதல் ஆண்டில் பண இழப்பு இல்லை. ஆபத்தெல்லாம் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் இருந்தது.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். மே 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐந்து இன்னிங்ஸில் எதிரணிக்கு ஒரே ஒரு அடி (பந்தை அடித்துத் தளம் சேர்வது) மட்டும் கொடுத்துத் தொடங்கியவர், அந்த ஆண்டை 13 வெற்றிகள், 6 தோல்விகள், 236 ஸ்ட்ரைக் அவுட்களோடு முடித்து, நேஷனல் லீகின் சிறந்த புதுமுகமானார். ஜூலையில், சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் தன் லீகுக்காக முதலில் எறிந்தவரும் அவரே. 1996 செப்டம்பர் 17 அன்று டென்வரின் கூர்ஸ் மைதானத்தில் எதிரணிக்கு ஓர் அடியும் விடாமல் ஒன்பது இன்னிங்ஸையும் எறிந்தார். காற்றின் அடர்த்தி குறைந்த அந்த உயரத்தில் பந்து அதிக தூரம் பறக்கும், வளைவு குறையும். அங்கே இத்தகைய ஆட்டத்தை அவருக்குப் பின் யாரும் எறியவில்லை.

ஆனால் வழிகளை ஒப்பிடுகிறவருக்கு வெற்றி ஆண்டுகளைவிட 1998 உம் 1999 உம் அதிகம் கற்றுத் தருகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் தடுமாறினார். டாட்ஜர்ஸ் அவரை மெட்ஸுக்கு அனுப்பியது, மெட்ஸ் அடுத்த வசந்தத்தில் கைவிட்டது. ஜப்பானில் இந்த நிலை வந்திருந்தால் அவர் ஒரே அணியின் தயவில் இருந்திருப்பார். அமெரிக்காவில் கைவிடப்பட்டவருக்கு 30 அணிகள் இருந்தன. மில்வாக்கி எடுத்தது, அங்கே 12 ஆட்டங்களை வென்றார். அடுத்து டெட்ராய்ட், அதற்கடுத்து பாஸ்டன். 2001 ஏப்ரல் 4 அன்று பால்டிமோரில் இரண்டாவது முறையாக அடி விடாத ஆட்டம், அந்த ஆண்டு அமெரிக்கன் லீகில் அதிக ஸ்ட்ரைக் அவுட்கள். மீண்டும் டாட்ஜர்ஸுக்கு வந்து 2002 இலும் 2003 இலும் தலா 16 வெற்றிகள். மூன்றாவது வழி அவருக்குத் தந்தவற்றுள் மதிப்பு மிக்கது இதுதான் என்பேன்: ஓர் இடத்தில் முடிந்துபோனால் இன்னோர் இடத்தில் தொடங்கும் உரிமை. முதல் இரு வழிகளில் அது கிடையாது, அல்லது முதுமையில் கிடைக்கும்.

இந்த வாசல் நீண்ட நாள் திறந்திருக்கவில்லை. அல்ஃபோன்சோ சொரியானோ 1998 இல் ஹிரோஷிமாவிலிருந்து இதே முறையில் வெளியேறியதைத் தொடர்ந்து விதிகள் மாற்றப்பட்டன. இன்று ஓர் இளம் பிட்சர் நோமோவைப் பின்பற்ற நினைத்தால் அவருக்கு எஞ்சியிருப்பது ஒன்பது ஆண்டுக் காத்திருப்பும் போஸ்டிங்கும்தான். தொழில்முறை அணியில் சேராமலே நேராக அமெரிக்கா செல்லும் நான்காவது வழியும் உண்டு. ஜுனிச்சி தசாவா 2008 இல் அப்படிப் போனபோது, திரும்பி வந்தால் இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஜப்பானிய அணிகள் எடுக்கக் கூடாது என்று ஒரு தண்டனை விதி போட்டார்கள், 2020 இல் நீக்கினார்கள்.

போஸ்டிங்கிலும் இப்போது ஒரு கிளை பிரிகிறது. 25 வயதுக்கு முன் போகிறவர் புதியவராகக் கருதப்பட்டு, கையெழுத்துத் தொகை குறுகிய வரம்புக்குள் அடங்கிவிடும். ஷோஹெய் ஓதானி 2017 இல் 23 லட்சம் டாலரைச் சற்றுத் தாண்டிய தொகைக்குப் போனார். ரோகி சசாகி 2025 ஜனவரியில் 65 லட்சத்துக்கு. இருவரும் இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் யமமோட்டோவைப் போலக் கோடிகளில் பேசியிருக்கலாம். பணக் கணக்கில் அவர்கள் செய்தது தவறு. கையின் கணக்கில், 26 வயதில் தோள் வலியோடு முடிவெடுத்த நோமோவின் பக்கமே அவர்கள் நிற்கிறார்கள். என் எடைக்கல்லும் அந்தப் பக்கமே சாய்கிறது. குரோதாவைப் போல உறுதியான உடலும் ஊர்ப்பற்றும் உள்ளவருக்கு மட்டுமே காத்திருப்பைப் பரிந்துரைப்பேன்.

நோமோ மேஜர் லீகில் 123 வெற்றிகளோடும் 1918 ஸ்ட்ரைக் அவுட்களோடும் 2008 இல் ஓய்வு பெற்றார். இம்முறை உண்மையான ஓய்வு. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2005 ஜூன் 15 அன்று, டாம்பா பே அணிக்காக அவர் பெற்ற வெற்றி, கிண்டெட்சுவுக்காகப் பெற்ற 78 ஐயும் சேர்த்து இரு நாடுகளிலும் அவருடைய 200 ஆவது வெற்றி. திரும்பி வந்தால் இங்கேதான் வர வேண்டும் என்று விதி காட்டிய கிண்டெட்சு பஃபலோஸ், அதற்கு முந்தைய சீசனோடு ஓரிக்ஸில் இணைக்கப்பட்டு இல்லாமல் போயிருந்தது.